முன்கண்ணாடி ஓரம் ஒழுகும் தண்ணீர்

காரின் முன்கண்ணாடியும் உடல் தகடும் சேரும் இடத்தில் எங்காவது பிடி விட்டுப்போனால் மழைநீர் உள்ளே இறங்கத் தொடங்கும். ஆரம்பத்தில் அது சொட்டாகக் கண்ணில் படுவதில்லை. காலடி மேட்டைத் தூக்கினால் கார்பெட் ஈரமாக இருக்கும். காலையில் கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிக்கும். மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் கண்ணாடியின் உட்புறம் ஆவி படியும். சில வண்டிகளில் முதலில் காட்டிக்கொடுப்பது மின்சாரக் கோளாறுதான்: ஹாரன் அடிக்காது, பவர் விண்டோ நடுவழியில் நின்றுவிடும், டேஷ்போர்டில் காரணமில்லாமல் விளக்கு எரியும். உள்ளே வரும் தண்ணீர் கம்பிக் கட்டின் வழியாக ஃப்யூஸ் பெட்டிவரை போயிருக்கும்.

காஞ்சிபுரம் போன்ற ஊரில் இந்தக் கோளாறு வருவதற்கு வானிலையே பாதிக் காரணம். சித்திரை, வைகாசி வெயிலில் ரப்பர் காய்ந்து இறுகுகிறது. ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடிமழை அதைச் சோதித்துப் பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும்போது குறை முழுசாக வெளிப்படுகிறது. ஊரின் தொழில் காரணமாக இழப்பும் சற்று அதிகம். பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலிருந்து காந்தி சாலைக் கடைகளுக்கும், அங்கிருந்து வெளியூர்களுக்கும் பட்டுச்சேலைப் பொதிகள் காரிலும் வேனிலும் போகின்றன. பட்டில் தண்ணீர் பட்டால் திட்டாகக் கறை நிற்கும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்த சேலையில் ஒன்றின் சாயம் மற்றதில் இறங்கவும் கூடும். ஈரக் கார்பெட்டின் மேல் வைத்த ஒரு பொதி கண்ணாடி வேலைக்கு ஆகும் கூலியைவிடப் பல மடங்கு நஷ்டம் வைத்துவிடும்.

கண்ணாடியைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்துக்கு நேரடியான உறவே உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் ஃப்ளோட் கண்ணாடி ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் அசாஹி இந்தியா நிறுவனம் வாகனக் கண்ணாடி செய்கிறது. அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் 1998இல் சாண்ட்ரோ காரை வெளியிட்டது. ஃப்ளோட் முறை என்பது உருகிய கண்ணாடிக் குழம்பை உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமமான தாளாக இழுப்பது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் இதை அறிவித்த பிறகு, தேய்த்துப் பளபளப்பாக்கும் பழைய வேலை தேவையற்றுப் போனது.

முன்கண்ணாடி ஒரே தாள் அல்ல. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தாள்களைச் சேர்த்து உலையில் வளைத்து, நடுவே 0.76 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பிலிம் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குகிறார்கள். லாமினேட்டட் கண்ணாடி எனப்படும் இதன் மூலக் கருத்து பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸுடையது. 1903இல் அவர் ஆய்வகத்தில் கைதவறி விழுந்த குடுவை உடைந்தும் சிதறவில்லை. உள்ளே காய்ந்திருந்த செல்லுலாய்டு படலம் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 100ஆம் விதிப்படி இந்தியாவில் காரின் முன்கண்ணாடி லாமினேட்டட் வகையாகவே இருக்க வேண்டும். ஒழுகலோடு இதற்குத் தொடர்பு உண்டு. கல் பட்டு மேல் தாளில் விரிசல் விழுந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வருவது அரிது. நடுவில் உள்ள பிலிம் தடுத்துவிடும். ஆனால் ஓரத்தில் வெகுநாள் தண்ணீர் தேங்கினால் பிலிமின் விளிம்பு பிரிந்து, கண்ணாடியின் ஓரம் பால் ஊற்றியது போல வெளுக்கும். அப்படி வெளுத்த இடத்தை ஒட்டிய சட்டத்தில் தண்ணீர் தங்குகிறது என்று கொள்ளலாம்.

கண்ணாடியை வண்டியில் பொருத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. பழையது ரப்பர் பீடிங். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி ஆம்னி ஆகியவற்றில் இதுதான். லாரி, பஸ்களில் இன்றும் பரவலாகக் காணலாம். ரப்பரின் இருபுறமும் இரண்டு பள்ளங்கள் ஓடும். ஒன்றில் கண்ணாடி உட்காரும், மற்றதில் தகட்டின் விளிம்பு உட்காரும். மாட்டும் விதம் பார்க்க அழகானது. ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றிப் போட்டு, தகட்டுப் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றை முழுச் சுற்றுக்கும் வைத்து, இரு முனைகளையும் கீழ்ப்பக்க நடுவில் தொங்கவிடுவார்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றின் ஒரு முனையை மெல்ல இழுப்பார். கயிறு வெளியே வர வர ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உட்புறம் வந்து கவ்விக்கொள்ளும். மூலை வரும்போது இழுப்பவர் அவசரப்பட்டால் உதடு மடிந்துபோகும். முதல் மழையில் அந்த மூலைதான் ஒழுகும்.

இரண்டாவது, ஒட்டும் முறை. 1960களில் அமெரிக்காவில் தொடங்கிய இது இன்றைய கார்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் வந்துவிட்டது. தகட்டு விளிம்பின் மேல் பாலியூரிதேன் பசையை முக்கோண வடிவில் ஒரே கோடாகப் போட்டு, அதன் மேல் கண்ணாடியை அமர்த்துகிறார்கள். கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி அகலமான கறுப்புப் பட்டை ஒன்று தெரியும். அதைப் பலர் அலங்காரம் என்று நினைப்பதுண்டு. அது கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பீங்கான் வண்ணம். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் பசை கெட்டுவிடும் என்பதால் போட்ட திரை. பாலியூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறுகும் பொருள். வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் கணக்கில் கெட்டிப்படும். அதனால் ஈரக்காற்று வீசும் மழை மாதத்தில் பசை வேகமாகவே இறுகும். ஆனால் ஒட்ட வேண்டிய பரப்பில் ஒரு துளி நீர் இருந்தாலும் அந்த இடத்தில் பிடிக்காது. மழைக்காலத்தில் கூரையில்லாத இடத்தில் கண்ணாடி மாற்றக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஒட்டிய கண்ணாடிக்கு மறைப்பு வேலையோடு இன்னும் சில பொறுப்புகள் உண்டு. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பல கார்களில் முன் பயணிக்கான ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து, கண்ணாடியில் மோதி, அதைத் தாங்கலாகக் கொண்டுதான் ஆளின் பக்கம் திரும்புகிறது. பசை விட்டுப்போன கண்ணாடி அந்த வேகத்தில் வெளியே பிதுங்கிவிடும். ஒழுகலைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

ஒழுகக் காரணங்கள் பல. ரப்பர் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் நெகிழ்வு போய்ச் சுருங்கும். சுருங்கும்போது முதலில் இடைவெளி விடுவது மூலைகள். விரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்து மீளாமல் நின்றாலோ, மடக்கினால் மேற்பரப்பில் நுண்வெடிப்புகள் தெரிந்தாலோ அந்த ரப்பரின் ஆயுள் முடிந்தது. அடுத்தது துரு. தகட்டு விளிம்பில் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து, தகடு பொருபொருவென்று உப்பி, ரப்பரையும் பசையையும் மேலே தள்ளிவிடும். புதிய கார்களில் வரும் ஒழுகலில் பெரும்பகுதி, கண்ணாடி ஒருமுறை மாற்றப்பட்ட வண்டிகளில்தான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஜல்லி லாரியின் பின்னால் போய்க் கல்லடி பட்ட கண்ணாடியை மாற்றும்போது பழைய பசையைச் சீவும் கத்தி தகட்டின் பெயின்ட்டைக் கீறியிருக்கும். கீறிய இடத்துக்குப் பிரைமர் வைத்திருக்க மாட்டார்கள். அல்லது பசைக் கோட்டை ஒரே மூச்சில் போடாமல் நடுவில் நிறுத்தித் தொடர்ந்திருப்பார்கள். அல்லது துடைத்து முடித்த கண்ணாடி ஓரத்தை எண்ணெய்க் கையால் தொட்டிருப்பார்கள். விபத்துக்குப் பிறகு டிங்கரிங் செய்த வண்டியில் சட்டமே சில மில்லிமீட்டர் கோணியிருந்தால் எந்தப் பசையும் நிலைக்காது.

கண்ணாடியின் மேல் பழி விழும் ஒழுகல்களில் கணிசமானவற்றுக்குக் கண்ணாடி காரணமே அல்ல. முதல் சந்தேகம் வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் மேல் விழ வேண்டும். கண்ணாடியில் வழியும் மழை முழுவதும் அந்த மூடியின் துளைகள் வழியாக ஒரு தொட்டியில் இறங்கி, இருபுறமும் உள்ள வடிகால் வழியாகச் சக்கரத்தின் பின்னே தரைக்குப் போகிறது. கோயில் வாசலில் வேம்பின் நிழல் தேடி நிறுத்திய வண்டியில் இந்தத் தொட்டியில் சேரும் வேப்பிலையும் பூவும் கொஞ்சநஞ்சமல்ல. அவை மக்கி, மண்ணோடு சேர்ந்து வடிகாலை அடைத்தால் தொட்டியில் தண்ணீர் ஏறும். ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் வாயும் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் இடப்பக்கம். தண்ணீர் அந்த வாயைத் தொட்டதும் ப்ளோயர் வழியாக இடப்பக்கத்து இருக்கைக் காலடிக்குக் கொட்டும். இரு கை இலையை அள்ளிப் போட்டால் தீர வேண்டிய கோளாறுக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டியவர்கள் உண்டு.

ஏசியும் தன் பங்குக்கு ஏமாற்றும். அது குளிரவைக்கும்போது உருவாகும் நீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். குழாய் அடைத்தால் அதே இடப்பக்கக் காலடி நனையும். கோடையில், மழையே இல்லாத நாளில் கார்பெட் ஈரமானால் ஏசியைத்தான் பார்க்க வேண்டும். ஏசி ஓடும்போது நிறுத்திய வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் சந்தேகம் உறுதி. ஈரம் நிறமாகவும் விரலில் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து வரும் கூலன்ட். சன்ரூஃப் உள்ள கார்களில் அதன் நான்கு மூலைகளிலிருந்தும் மெல்லிய வடிகுழாய்கள் தூண்களுக்குள் இறங்குகின்றன. தூசி அடைத்தால் தண்ணீர் கூரை விரிப்பின் ஓரமாக வழியும். ஏரியல் துளை, கூரைத் தகடுகள் சேரும் வாய்க்காலில் வெடித்த சீலன்ட், கதவு ரப்பர் ஆகியவற்றையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் வெளிவரும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. இதை மறந்தால் எந்தப் பழுதுபார்ப்பும் வீண். கண்ணாடியின் மேல் மூலையில் நுழைந்த நீர் முன்தூணுக்குள் இறங்கி, கம்பிக் கட்டைப் பிடித்து நடந்து, பிரேக் பெடலுக்கு மேலே சொட்டும். ஆகவே தேடுதலுக்கு ஒழுங்கு வேண்டும். முதலில் உள்ளே நன்றாகத் துடைத்து உலர்த்தி, முன்தூணின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, காலடிக் கார்பெட்டை மடித்துவிட வேண்டும். கண்ணாடியின் உள் ஓரத்தில் டால்கம் பவுடர் தூவினால் ஒற்றைத் துளி ஓடினாலும் கோடு விழும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் ஹோஸில் மெதுவாக ஓடும் தண்ணீரைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் விட வேண்டும். அங்கே சில நிமிடம் காத்திருந்து ஒன்றும் வரவில்லை என்றால் பக்க ஓரத்துக்கு ஏறலாம். கடைசியாக மேல் ஓரம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எந்த ஓட்டை எது என்று தெரியாமல் போய்விடும். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் பம்ப் இந்தச் சோதனைக்கு உதவாது. நல்ல ரப்பரையும் தாண்டி அது தண்ணீரை உள்ளே தள்ளும்.

தண்ணீரால் பிடிபடாத நுண் இடைவெளிக்கு வேறொரு வழி இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளை மூடி, ப்ளோயரை வெளிக்காற்று நிலையில் முழு வேகத்தில் ஓடவிட்டால் காருக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடும். வெளியே கண்ணாடி ஓரம் முழுவதும் சோப்புத் தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டு போனால், பிடி விட்ட இடத்தில் குமிழி கிளம்பும். சைக்கிள் கடையில் டியூப் பஞ்சர் பார்ப்பது போன்ற முறைதான் இது. குமிழி வந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டை தெரிந்த பின் வேலை கண்ணாடி பொருத்திய முறையைப் பொறுத்தது. பீடிங் வண்டியில் ரப்பர் இன்னும் நெகிழ்வாக இருந்தால் மர ஆப்பு அல்லது பிளாஸ்டிக் தகட்டால் உதட்டைத் தூக்கி, உள்ளே சேர்ந்த மண்ணைத் துடைத்து, காயவைத்து, கெட்டியாகாத கறுப்புச் சீலன்ட்டைக் குறித்த இடத்துக்கு இருபுறமும் ஒரு சாண் கூடுதலாகச் செலுத்த வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் தூக்கினால் கண்ணாடி ஓரம் தெறிக்கும். ரப்பர் இறுகிப்போயிருந்தால் சீலன்ட் வெறும் ஒத்திவைப்புதான். புது ரப்பர் போட்டே ஆக வேண்டும். கண்ணாடியைக் கழற்றும்போது தகட்டு விளிம்பை முழுவதும் பார்த்து, துருவை வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். துருவின் மேல் புது ரப்பர் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

ஒட்டிய கண்ணாடியில் விரலளவு இடைவெளி மட்டும் என்றால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து, உலர்த்தி, பிரைமர் வைத்துப் பாலியூரிதேனை உள்ளே செலுத்திப் பார்க்கலாம். நீளமாக விட்டிருந்தால் கண்ணாடியை வெளியே எடுப்பதே சரி. எஃகுக் கம்பியைப் பசைக்குள் குத்தி நுழைத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக ரம்பம் இழுப்பது போல அறுத்துக் கண்ணாடியை எடுப்பார்கள். தகட்டின் மேல் நல்ல நிலையிலுள்ள பழைய பசையை முற்றிலும் சுரண்டிவிடாமல் ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி விடுவது தேர்ந்த கை. புதுப் பசைக்கு அதைவிட நல்ல தளம் கிடையாது. கீறல்களுக்குப் பிரைமர் வைத்து, அது காய விட்டு, வாயில் முக்கோண வெட்டுள்ள டியூபால் நிற்காமல் ஒரு சுற்றுப் பசை போட்டு, உறிஞ்சு கப்பு பிடித்த கண்ணாடியை நேராக இறக்கி, நகராமல் டேப் ஒட்டுவார்கள். பிறகு ஒரு நாளாவது பக்கக் கண்ணாடி ஒன்றைச் சிறிது இறக்கி வைக்க வேண்டும். எல்லாம் மூடிய காரில் கதவை அறைந்து சாத்தினால் உள்ளே எழும் காற்றழுத்தம் இறுகாத பசையைத் தள்ளித் துளை போட்டுவிடும். எவ்வளவு நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை மாறும்; டியூபின் மேலேயே அச்சிட்டிருக்கும். காலாவதித் தேதியும் அங்கேயே இருக்கும். வாடிக்கையாளர் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டிய விஷயம் அல்ல அது.

கையில் கிடைத்ததை அப்பி அடைக்கும் பழக்கம்தான் இந்தத் தொழிலின் பெரிய தொல்லை. பாத்ரூம் ஓரத்துக்குப் போடும் சிலிகானில் காடி வாடை அடிக்கும் வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும்; திறந்த தகட்டில் அது துருவுக்கு அழைப்பு. மேலும் சிலிகான் ஒருமுறை பட்ட பரப்பில் பாலியூரிதேன் ஒட்டாது. பின்னால் முறையாகச் செய்ய வருபவருக்கு வேலை இரட்டிப்பாகும். குழாய் அடைக்கும் எம்-சீல் கல்லாக இறுகும். வண்டி ஓடும்போது கண்ணாடிச் சட்டம் இடைவிடாமல் நெளிவதால் அது சில நாளில் வெடித்துவிடும். வெளிப்புறம் அடைத்த பசை வேறொரு தீங்கும் செய்யும்: உள்ளே போன தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் சட்டத்துக்குள்ளேயே தேங்கி நிற்கும்.

ஒழுகல் நின்றதும் உள்ளே இருக்கும் ஈரத்தையும் கவனித்தாக வேண்டும். கார்பெட்டின் மேற்பரப்பு காய்ந்தாலும் அடியிலுள்ள தடித்த ஃபோம் பல நாள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இருக்கை போல்ட்டுகளைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, வெயிலில் போட்டுக் காயவைத்தால்தான் தளத் தகடு துருவிலிருந்து தப்பும். காலடியில் உள்ள மின் இணைப்பிகளைக் கழற்றி, பச்சைப் பூப்பு பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் வைப்பர் மூடியைத் திறந்து இலை அள்ளி, இரு வடிகாலிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது செலவில்லாத வேலை.

செலவைப் பற்றி ஒரு விவரம் பலருக்குத் தெரிவதில்லை. இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த கணக்குப்படி, முழுக் காப்பீடு உள்ள காரில் விபத்தில் உடைந்த கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். பழசாகி ஒழுகும் பீடிங்குக்கோ துருப்பிடித்த சட்டத்துக்கோ காப்பீடு எதுவும் தராது. அது உரிமையாளரின் சொந்தச் செலவு. கல்லடி பட்டுக் கண்ணாடி மாற்றும்போதே சட்டத்தில் துரு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதே தடவையில் சரிசெய்துகொள்வதுதான் லாபம். கண்ணாடியை இரண்டாம் முறை கழற்ற வைத்தால் கூலியும் பசையும் மறுபடி முழுசாக விழும்.